கடைசி செமஸ்டர் முடியுது... கையில் என்னென்ன காகிதம் இருக்கணும்?

சிதம்பரம்:

கடைசி பரீட்சை எழுதி முடித்த அன்றே சட்டையில் நண்பர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பி விடுகிறார்கள் மாணவர்கள். ஆறு மாதம் கழித்து அதே மாணவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, ஒரே ஒரு கையெழுத்துக்காக அதே காலேஜ் வாசலில் வந்து நிற்பார். "ஆபீசர் லீவு, நாளைக்கு வாங்க" என்று பதில் வரும்.

அப்பா படகில் போய், அம்மா முந்திரிக்கொட்டை உடைத்துப் படிக்க வைத்த பிள்ளைக்கு வேலை கிடைக்காமல் போக, மார்க் குறைவுதான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு காகிதம் இல்லாமலும் போகும். அதனால் காலேஜ் திறந்திருக்கும்போதே, பேராசிரியர்களும் அலுவலக ஊழியர்களும் முகம் தெரிந்தவர்களாக இருக்கும்போதே, சில வேலைகளை முடித்துவிட வேண்டும்.

முதலில் பெயரைப் பாருங்க

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், காலேஜில் ஒரு பெயர். நம்ம ஊரில் வீட்டுக்கு வீடு இந்தக் கதைதான். ஒன்றில் இனிஷியல் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால் இருக்கும், மூன்றாவதில் அப்பா பெயர் முழுசாகவே வந்திருக்கும். இங்கிலீஷில் ஒரு எழுத்து கூடியோ குறைந்தோ இருந்தாலும் பின்னால் தொல்லைதான்.

பட்டம் அச்சாவதற்கு முன்னால் என்றால் காலேஜ் ஆபீசில் மனு கொடுத்துத் திருத்துவது சுலபம். அச்சான பிறகு அலைச்சல் அதிகம், பணமும் செலவு. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரையே அடிப்படையாக வைத்து மற்றதைச் சரி செய்துகொள்வது நல்லது.

தமிழ் வழி சான்றிதழ் மறக்காதீங்க

அதிகம் பேர் கோட்டை விடுவது இதில்தான். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத இடம் ஒதுக்கி 2010-ல் சட்டம் வந்தது. 2020-ல் அதைத் திருத்தினார்கள். இப்போது டிகிரியை மட்டும் தமிழில் படித்திருந்தால் போதாது. பட்டப்படிப்பு தகுதியாக உள்ள வேலை என்றால் ஒன்றாம் வகுப்பில் இருந்து டிகிரி வரை தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். இங்கிலீஷ் மீடியத்தில் சேர்ந்து, பரீட்சையை மட்டும் தமிழில் எழுதினேன் என்றால் எடுபடாது.

இதற்கு டி.என்.பி.எஸ்.சி. தனிப் படிவமே வைத்திருக்கிறது. படித்த ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் தலைமை ஆசிரியர் கையெழுத்து வேண்டும். காலேஜ் என்றால் முதல்வர் கையெழுத்து. ஆரம்பப் பள்ளி குறிஞ்சிப்பாடியில், உயர்நிலைப் பள்ளி பண்ருட்டியில், பிளஸ்-2 கடலூரில் என்று படித்த பிள்ளை, மூன்று ஊருக்கும் போயாக வேண்டும். கோடை விடுமுறையில் போனால் பள்ளி பூட்டிக் கிடக்கும். இன்டர்வியூவுக்கு கூப்பிட்ட பிறகு ஓடினால் நாள் போதாது. பள்ளி நடக்கிற நாளாகப் பார்த்து இப்போதே வாங்கி வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

அரியர் இருந்தால் தேதி முக்கியம்

ஒரு அரியர்தானே, அடுத்த செமஸ்டரில் பார்த்துக்கலாம் என்று நினைப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் பெரும்பாலான தேர்வுகளில், அறிவிப்பு வெளியாகும் நாளில் படிப்பை முடித்திருக்க வேண்டும். அதற்கு மறுநாள் ரிசல்ட் வந்தால் கூட அந்த வருஷ வாய்ப்பு போச்சு. குரூப்-4 தேர்வுக்கு பத்தாம் வகுப்பு பாஸ் போதும் என்பதால் அதை இப்பவே எழுதலாம். குரூப்-2-க்கு டிகிரி வேண்டும்.

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. இங்குள்ள கலைக்கல்லூரிகள் முன்பு வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 2021-ல் சட்டசபையில் சட்டம் கொண்டு வந்த பிறகு சிதம்பரம் அண்ணாமலை பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டன. 1929-ல் தொடங்கிய அண்ணாமலையை 2013-ல் அரசே ஏற்றுக்கொண்டது தெரிந்த கதை. ஆகவே பழைய அரியர் வைத்திருக்கிற அண்ணன், அக்காக்கள் முதலில் மார்க் ஷீட்டில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு விசாரிக்க வேண்டும். சிதம்பரத்தில் கிடைக்காத காகிதத்துக்கு சிதம்பரத்தில் வரிசையில் நின்று என்ன பயன்?

தேர்ச்சி பெற்றதும் புரொவிஷனல் சான்றிதழ், மொத்த மார்க் ஷீட், டி.சி. மூன்றையும் கேட்டு வாங்கி விடுங்கள். லைப்ரரி புத்தகம், ஹாஸ்டல் மெஸ் பாக்கி இருந்தால் டி.சி. நிற்கும். தகுதி பெற்ற நாளில் இருந்து 180 நாளுக்குள் பட்டம் வழங்க வேண்டும் என்பது யு.ஜி.சி. 2008-ல் போட்ட விதி. பட்டமளிப்பு விழாவுக்கு வர முடியாதவர்கள், நேரில் வராமலே பட்டம் பெற விண்ணப்பிக்கலாம்.

பதிவு செய்தால்தான் கணக்கு

ரிசல்ட் வந்த கையோடு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் டிகிரியைப் பதிவு செய்ய வேண்டும். ஆன்லைனிலேயே முடியும். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அங்க பதிஞ்சு யாருக்கு வேலை வந்துச்சு என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பதிவு செய்து 5 வருஷம் ஆன ஏழைப் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை உண்டு, குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72 ஆயிரத்துக்குள் இருந்தால். பதியாதவருக்கு அந்த 5 வருஷம் தொடங்குவதே இல்லை. என்ஜினீயரிங் போன்ற தொழில் படிப்புக்காரர்களுக்கு இந்தத் தொகை கிடையாது. கடலூரில் உள்ள மாவட்ட மையத்தில் போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பும் நடத்துகிறார்கள்.

நெய்வேலி என்.எல்.சி.யில் பட்டதாரிகளுக்கு அப்ரன்டீஸ் பயிற்சி உண்டு. இந்தந்த வருஷம் பாஸ் செய்தவர்கள் மட்டும் என்று விளம்பரத்திலேயே போட்டு விடுவார்கள். நாலு வருஷம் சும்மா இருந்துவிட்டுப் போனால் கதவு சாத்தியிருக்கும்.

கல்விக் கடன் வாங்கியவர்களுக்கு, படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை பொதுவாக தவணை கேட்க மாட்டார்கள். அப்புறம் கட்டாவிட்டால் கூடக் கையெழுத்துப் போட்ட அப்பாவின் பெயரும் சேர்ந்து கெடும். வேலை கிடைக்கவில்லை என்றால் ஓடி ஒளியாமல் பேங்க் மேனேஜரைப் போய்ப் பாருங்கள்.

வெள்ளம் வந்தால்?

2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயல், 2015 மழை வெள்ளம், 2024-ல் பெஞ்சல் புயலோடு தென்பெண்ணை வெள்ளம். கடலூருக்கு இது புதுசு இல்லை. டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்த சர்டிபிகேட் ஊறிப்போனால், போலீசில் புகார், கிடைக்கவில்லை என்ற சான்று, டூப்ளிகேட் கட்டணம் என்று மாதக்கணக்கில் இழுக்கும். பிளாஸ்டிக் கவரில் போட்டு பரண் மேல் வையுங்கள். டிஜிலாக்கரில் மார்க் ஷீட் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். அதில் எடுப்பது ஒரிஜினலுக்குச் சமம். செல்போனில் எடுத்த போட்டோவுக்கு அந்த மதிப்பு கிடையாது.

வெளிநாட்டு வேலை, கம்பெனி வேலை என்று சொல்லி ஒரிஜினலை யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. மாணவர்களின் ஒரிஜினலைக் கல்லூரியே வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018-ல் யு.ஜி.சி. உத்தரவு போட்டிருக்கிறது. புரோக்கருக்கு எதற்கு? சரிபார்க்கக் காட்டுங்கள், ஜெராக்சைக் கொடுங்கள், ஒரிஜினலைக் கையோடு திரும்ப எடுத்து வாருங்கள்.