ரோஜா இலையும் கற்பூரவள்ளியும்

மணம் பூவுக்கே உரியது என்று சொன்னால், துளசியையும் மருக்கொழுந்தையும் அறிந்த நம் பெண்மணிகள் ஒப்பமாட்டார்கள். மேல்நாட்டாரும் இலையின் வாஸனைக்காகவே போற்றி வளர்க்கும் செடி ஒன்று உண்டு. தோட்டக்காரர்கள் அதை ஜெரேனியம் என்பார்கள். அதன் சாஸ்திரப் பெயர் பெலார்கோனியம். 1753-ல் லின்னேயஸ் அதை ஜெரேனியம் இனத்திலேயே சேர்த்திருந்தார். 1789-ல் லெரித்தியே என்னும் பிரெஞ்சுப் பண்டிதர் அதைத் தனி இனமாகப் பிரித்தார். ஆயினும் பழைய பெயர் வழக்கை விட்டுப் போகவில்லை.

இச்செடியின் தாயகம் தென்னாப்பிரிக்கா. அதில் ஒரு வகையின் இலையைக் கசக்கினால் ரோஜா மணக்கும். மேல்நாட்டு இல்லங்களில் அந்த இலையைப் பழப்பாகிலும் கேக்கிலும் இட்டு மணமூட்டுவார்கள். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இதனைப் பயிரிட்டு, நீராவியால் தைலம் வடிக்கிறார்கள். ஆயிரம் கிலோ தழைக்கு ஒன்றிரண்டு கிலோ தைலம் கிடைப்பதே அரிது!

ஆனால், குளிர்ச்சியை நாடும் இந்தச் செடிக்கு வள்ளியூர் ஏற்ற இடமாகுமா? மகேந்திரகிரி கண்ணுக்கெட்டும் தூரத்தில்தான் நிற்கிறது. என்றாலும் ஊரில் அடிப்பது சமவெளி வெயில். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் மேல்காற்றும் சாமான்யமானதன்று.

அதற்காக வள்ளியூர் இல்லத்தரசிகள் வருந்த வேண்டுவதில்லை. ஜெரேனியம் செய்யும் காரியங்களைக் கற்பூரவள்ளி செய்துவிடும். இதை ஓமவள்ளி என்பாரும் உண்டு. ஓமத்திலுள்ள தைமால் என்னும் சத்து இதன் இலையிலும் இருப்பதால் அப்பெயர் பொருந்தும். சதைப்பற்றுள்ள இலையில் நீரைச் சேமித்து வைத்துக்கொள்வதால் வறட்சியைத் தாங்கும். ஒரு கிளையை ஒடித்து மணல் கலந்த மண்ணில் ஊன்றினால் போதும், வேர் பிடித்துவிடும். தண்ணீர் தேங்கினால்தான் அழுகும்.

சமையலில் இதன் இலையைக் கடலைமாவில் தோய்த்துப் பஜ்ஜி போடலாம். வதக்கித் துவையல் அரைக்கலாம். அரைத்துத் தயிரில் கலந்தால் பச்சடி. ஜலதோஷத்துக்கும் இருமலுக்கும் இலையை அனலில் வாட்டிச் சாறு பிழிந்து, தேன் கலந்து கொடுப்பது நம் பாட்டிமார் வழக்கம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஆகாது. மேலும், குழந்தைக்கு மூச்சுத் திணறினாலோ காய்ச்சல் விடாதிருந்தாலோ, இலைச்சாற்றை நம்பிக் காலம் தாழ்த்தாமல் வைத்தியரிடம் கொண்டு செல்ல வேண்டும். மருந்தின் எல்லையை அறிவதும் வைத்தியத்தில் ஒரு பாகமே.

ஜெரேனியம் சீமைச்செடி என்று நாம் வெறுக்கவும் வேண்டாம். மலைவாசிகள் அதை வளர்த்துப் பயன் பெறட்டும். அதற்கு ஏங்கிக்கொண்டு, கொல்லையிலுள்ள கற்பூரவள்ளியை வாட விடுவதுதான் பிழை. ஒரு மண்தொட்டியும் கைப்பிடி மணலும் இல்லாத வீடு எது?