முதல் மணி அடிக்கும் முன்னே

2025 ஜூனில் ரீல்ஸ் புண்ணியத்தில் கூமாப்பட்டி, கூமாப்பட்டி என்று ஊரே கிறங்கிக் கிடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதே கூமாப்பட்டி இருக்கிற வத்திராயிருப்புக்கு ஒருநாள் காலை எட்டு மணிக்கு வந்து சேருங்கள். பிளவக்கல் அணையை மத்தியானம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் இங்கே ஏதாவது ஓர் அரசுத் தொடக்கப்பள்ளிக்குள் எட்டிப் பாருங்கள். அப்படி ஒரு கலகலப்பு!

வாசலிலேயே சாம்பார் வாசனை ஆளைத் தூக்கும். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. பிள்ளைக்கு 50 கிராம் அரிசியோ ரவையோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, கூடவே காய்கறி. சமைப்பது மகளிர் சுய உதவிக் குழு அக்காக்கள். வயல் வேலைக்கும் மில் ஷிப்டுக்கும் விடியுமுன் கிளம்பிவிடுகிற அம்மாக்களின் பிள்ளைகள் இப்போது தட்டை ஏந்தி, "அக்கா, இன்னும் கொஞ்சம்" என்று நிற்பதைப் பார்க்க வேண்டுமே!

அதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் டீச்சர் வந்து இறங்கிவிடுவார். அமாவாசை என்றால் சதுரகிரி மலைக்குப் போகிற பக்தர் கூட்டத்தில் வழிநெடுக நின்றுகொண்டேதான் வர வேண்டும். அவர் பைக்குள் என்னதான் இருக்கிறது? சார்ட் பேப்பர், கத்தரி, புளியங்கொட்டை, பாட்டில் மூடி, பத்துப் பத்தாய் ரப்பர் பேண்டு போட்ட ஐஸ் குச்சிகள். பெரும்பாலும் கைக்காசில் வாங்கியவை.

அந்தக் குச்சிகள் செய்கிற வேலையைக் கேளுங்கள். 43இல் 17 போக எவ்வளவு? நான்கு கட்டு, மூன்று உதிரி. மூன்றிலிருந்து ஏழை எடுக்க முடியாது. பிள்ளை முழிக்கிறது. டீச்சர் வாயே திறப்பதில்லை. சட்டென்று ஒரு கட்டின் ரப்பர் பேண்டை உருவிவிடுகிறது பிள்ளை. பத்துக் குச்சியும் தரையில் சிதறுகின்றன. "இருபத்தாறு, டீச்சர்!" கடன் வாங்கிக் கழித்தல் முடிந்தது!

கொரோனாவில் அடைபட்ட இந்தத் தொடக்கப்பள்ளி வகுப்புகள் 2021 நவம்பர் 1இல்தான் மறுபடி திறந்தன. விட்டுப்போனதைப் பிடிக்க 2022 ஜூன் 13இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாக உட்காருவார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் இருந்தாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை, அங்கிருந்தே கைபிடித்துக் கூட்டிப் போகிறார்கள்.

இவ்வளவு உற்சாகத்துக்கும் பின்னால் மனசு பொறுக்காத கணக்கு ஒன்று இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. ஒருவருக்கு ஒன்று, இரண்டு, மூன்று. மற்றவருக்கு நான்கு, ஐந்து. ஒருவர் பயிற்சிக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போய்விட்டால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். ஃபீஸ் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைக்கு வகுப்புக்கு ஒரு மிஸ். கட்ட முடியாத பிள்ளைக்கு டீச்சரில் பாதியோ மூன்றில் ஒரு பங்கோதான். இது அநியாயம். டீச்சரின் அர்ப்பணிப்பைப் பாராட்டிவிட்டு நகர்வது அதைவிட அநியாயம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். நீங்களும் ஒரு பெற்றோர் என்றால், அடுத்த கூட்டத்துக்கு அவசியம் போங்கள். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்று தீர்மானம் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.