கட்டுத்தறியும் விசைத்தறியும்

வெள்ளகோவில், காங்கயம் பிரதேசங்களில் ஒரு குடும்பத்தின் செல்வத்தை ஊரார் முன்னாளில் கட்டுத்தரையைப் பார்த்தே மதித்தனர். காங்கயம் இனத்தைச் சீர்படுத்திய பெருமை பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியாருக்கு உரியது. அவருடைய பண்ணைத் தொழுவம் வெறும் ஆடம்பரமன்று. நல்ல பொலிகாளைகளைத் தேர்ந்து வளர்த்த இடம் அது. கிளுவை வேலியும், வெள்வேல் நிழலும், கொழுக்கட்டைப் புல்லும் உள்ள கொறங்காடே அத்தொழுவங்களுக்கு ஆதாரம்.

கவலை இறைக்கவும், ஏர் உழவும், பாரம் இழுக்கவும் காளை வேண்டியிருந்தது. 1932-இல் பைக்காரா மின்சாரம் பிறந்தது. பின்னர்க் கவலையின் இடத்தில் பம்புசெட்டும், ஏரின் இடத்தில் டிராக்டரும் வந்தன. பாலுக்காகக் கலப்பினப் பசுவும் வந்தது. கட்டுத்தறி ஓய்ந்தது, வெள்ளகோவிலில் விசைத்தறி ஓசை பெருகிற்று.

யந்திரத்தை நாம் பழிக்கவில்லை. அதுவும் பலருக்குச் சோறு போடுகிறது. ஆனால், 2017-இல் சல்லிக்கட்டுக்காகத் திரண்ட தமிழர், கொறங்காடு அழிவதைக் கண்டு வாளாவிருத்தல் முறையோ? மேய்ச்சல் நிலமும் பொலிகாளையும் இல்லாத தொழுவம் வெறுஞ்சுவரே. கண்ணபுரம் மாரியம்மன் தேர்த்திருவிழாச் சந்தைக்குக் காளை வந்துகொண்டிருக்கும்போதே, அவற்றை வளர்க்கும் குடியானவர்களுக்குக் கைகொடுப்பது நம் கடமை.