ஒரு குடும்பத்துக்கு ரூ.4.30 லட்சம் கடனா? கட்சிகள் மோதும் கணக்கின் பின்னணி

மணவாளநகர்:

திருவள்ளூரை அடுத்த மணவாளநகர் டீக்கடைகளில் அரசியல் பேச்சு சூடுபிடித்தால் ஒரு கேள்வி தவறாமல் வரும். "நம்ம தலையில கவர்மெண்ட் எவ்வளவு கடன் வச்சிருக்கு?"

இந்தக் கணக்கை பிரபலமாக்கியது 2021 ஆகஸ்டு 9-ந்தேதி அப்போதைய நிதி அமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை. மொத்த கடன் ரூ.5.70 லட்சம் கோடி, குடும்பத்துக்கு ரூ.2 லட்சத்து 63 ஆயிரத்து 976 என்று சொல்லி, முந்தைய அ.தி.மு.க. ஆட்சி மீது தி.மு.க. பழி போட்டது. வரம்புக்குள்தான் வாங்கினோம், திட்டங்களுக்குத்தான் செலவழித்தோம் என்றது அ.தி.மு.க.

2025 மார்ச் 14-ந்தேதி தங்கம் தென்னரசு தாக்கல் செய்த பட்ஜெட்டில், 2026 மார்ச் இறுதியில் கடன் ரூ.9.29 லட்சம் கோடியைத் தாண்டும் என்று மதிப்பிடப்பட்டது. பழைய குடும்பக் கணக்கிலேயே வகுத்தால் சுமார் ரூ.4.30 லட்சம். இந்த முறை குற்றம் சாட்டியது எடப்பாடி பழனிசாமி. வரம்புக்குள்தான் இருக்கிறது என்று பதில் சொன்னது தி.மு.க. வசனம் அதேதான், ஆள்தான் மாறிப்போச்சு! 2001-ல் அ.தி.மு.க. நிதி அமைச்சர் பொன்னையனும் இப்படி ஒரு வெள்ளை அறிக்கை விட்டவர்தான்.

வீட்டுக்கு நோட்டீஸ் வருமா?

வராது. ரிசர்வ் வங்கி மூலம் மாநில அரசின் கடன் பத்திரங்கள் ஏலம் விடப்படுகின்றன. வங்கிகள், இன்சூரன்ஸ் நிறுவனங்கள், பி.எப். நிதி ஆகியவை வாங்குகின்றன. அதாவது, காக்களூர் கம்பெனியில் வேலை பார்ப்பவரிடம் பிடிக்கும் பி.எப். பணமும் சுற்றி வளைத்து அரசுக்கே கடனாகப் போகலாம். வட்டியை பத்திரப்பதிவு, பெட்ரோல், மதுவில் வரும் வரிப்பணத்தில் இருந்துதான் கட்ட வேண்டும்.

கவனிக்க வேண்டியது வேறு. மனை வாங்க கடன் வாங்குவது ஒரு ரகம், மளிகைக்கு கடன் வாங்குவது இன்னொரு ரகம். 2025-26 பட்ஜெட்படி நிதிப் பற்றாக்குறை சுமார் ரூ.1.07 லட்சம் கோடி. அதில் வருவாய் பற்றாக்குறை ரூ.41 ஆயிரத்து 635 கோடி. 100 ரூபாய் கடன் வாங்கினால் 39 ரூபாய் சம்பளம், பென்ஷன், மானியம், வட்டி என்று அன்றாட செலவுக்கே போய்விடுகிறது. மேடையில் இதை எந்தக் கட்சியும் விளக்குவதில்லை.

சாவி டெல்லியில்

மத்திய அரசிடம் பழைய கடன் பாக்கி இருந்தால், அதன் சம்மதம் இல்லாமல் மாநிலம் புதுக்கடன் வாங்க முடியாது. அரசியல் சட்டம் 293-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. 2023-24 முதல் 2025-26 வரை மாநில உற்பத்தி மதிப்பில் 3 சதவீதம் என்று 15-வது நிதிக்குழு எல்லை போட்டது. மின்துறை சீர்திருத்தம் செய்தால் கூடுதலாக அரை சதவீதம்.

பூந்தமல்லி வரை வரும் மெட்ரோ 2-ம் கட்ட திட்டமும் இதில் சிக்கியது. 2024 அக்டோபரில் ரூ.63 ஆயிரத்து 246 கோடி திட்டத்துக்கு மத்திய மந்திரிசபை ஒப்புதல் தரும் வரை, அதற்கான வெளிநாட்டுக் கடன் தமிழகத்தின் கணக்கிலேயே ஏறியது.

கேரளா ஒருபடி மேலே போய், கடன் வரம்பை எதிர்த்து 2023 டிசம்பரில் மத்திய அரசு மீது வழக்கே போட்டது. 2024 ஏப்ரல் 1-ந்தேதி அதை 5 நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வுக்கு சுப்ரீம் கோர்ட்டு அனுப்பி வைத்தது.