சாவியை விட்ட பிறகும் சுழலும் ஸ்டார்ட்டர்

சாவியைத் திருப்புகிறீர்கள். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் சாவியை விட்டுவிடுகிறீர்கள். ஆனால் 'கிர்ர்' என்ற சத்தம் மட்டும் நிற்கவில்லை. அப்படியானால் காரின் ஸ்டார்ட்டர் மோட்டார் இயந்திரத்திலிருந்து விலகவில்லை என்று பொருள். மோட்டாரில் மின்சாரம் தொடர்ந்து பாய்ந்தால், சிறிது நேரத்திலேயே கம்பிகள் சூடேறிக் கருகத் தொடங்கும், தீப்பிடிக்கவும் கூடும்.

சில வினாடிகளுக்கான மோட்டார்

1912ஆம் ஆண்டின் கெடிலாக் கார்களில் மின்சார ஸ்டார்ட்டர் இடம்பெறக் காரணமானவர் அமெரிக்கப் பொறியாளர் சார்ல்ஸ் கெட்டரிங். இந்த மோட்டார் நாள் முழுதும் உழைக்க வேண்டியதில்லை, சில வினாடிகள் பெரும் பளுவைத் தாங்கினால் போதும் என்பது அவர் கணக்கு. அதனால்தான் அதைச் சிறியதாகச் செய்ய முடிந்தது. சிறிய காரில்கூட அது 100 ஆம்பியருக்கு மேல் மின்சாரத்தை இழுக்கும். சாதாரண ஹெலஜன் முகப்பு விளக்கு ஒன்றுக்கு ஏறக்குறைய 5 ஆம்பியரே போதும்.

எப்படிச் சேர்ந்து விலகுகிறது?

சாவியைத் திருப்பியதும், ஸ்டார்ட்டரின் மேலுள்ள சோலனாய்டு என்ற மின்காந்தம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. சிறிய பல்சக்கரத்தைத் தள்ளி, இயந்திரத்தின் பெரிய வளையப் பல்சக்கரத்துடன் சேர்க்கிறது. தடித்த செம்புத் தொடுமுனைகளை இணைத்து மோட்டாருக்கு மின்சாரம் விடுகிறது. சாவியை விட்டதும் ஒரு ஸ்பிரிங் எல்லாவற்றையும் பழைய இடத்துக்கு இழுத்துவிடும்.

சிறிய சக்கரத்தில் 10 பற்களும் பெரியதில் 120 பற்களும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இயந்திரம் நிமிடத்துக்கு 3,000 சுற்றுகள் சுற்றினால், விலகாத சிறிய சக்கரம் 36,000 முறை சுற்ற வேண்டும். அந்த வேகம் மோட்டாரைத் தாக்காதபடி ஒருவழிக் கிளட்ச் காக்கிறது. மிதிப்பதை நிறுத்திய பிறகும் சைக்கிள் சக்கரம் ஓடுவதைப் போன்ற ஏற்பாடு அது. ஆனால் அந்தக் கிளட்சும் நெடுநேரம் தாங்காது.

உடனே என்ன செய்வது?

கியரை நியூட்ரலில் வையுங்கள். ஆட்டோ கார் என்றால் 'பி' நிலையில் வையுங்கள். கைபிரேக்கை இழுங்கள். கியரில் இருந்தால் ஸ்டார்ட்டரே காரை நகர்த்திவிடும். பிறகு வரும் படிகள் ஆபத்தைத் தடுப்பதோடு, கோளாறு எங்கே என்பதையும் காட்டிக்கொடுக்கும்.

முதலாவது, சாவியைக் கையால் முழுமையாகப் பின்னே திருப்பி அணையுங்கள். ஸ்டார்ட்டர் நின்றுவிட்டால், சாவி சுவிட்ச் 'ஸ்டார்ட்' நிலையிலேயே சிக்கிக்கொள்கிறது எனச் சந்தேகிக்கலாம்.

இரண்டாவது, இன்னும் சுழன்றால் ஃபியூஸ் பெட்டியிலுள்ள ஸ்டார்ட்டர் ரிலேயைப் பிடுங்குங்கள். அதன் இடம் பெட்டி மூடியின் படத்தில் இருக்கும். உடனே நின்றால், ரிலேயின் தொடுமுனைகள் ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது, அப்போதும் நிற்காவிட்டால் பெரும்பாலும் சோலனாய்டின் தொடுமுனைகளே ஒட்டிவிட்டன. இயந்திரம் எரிபொருளில் ஓடவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, கையுறை அணிந்து, முகத்தை விலக்கி, பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுங்கள். தீப்பொறி பறக்கும், பேட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் வாயு எளிதில் தீப்பற்றும். ஏற்கெனவே புகை வந்தால் பானெட்டைத் திறக்க வேண்டாம். எல்லாரையும் இறக்கி, தூரமாக விலகி, 999ஐ அழையுங்கள்.

சில நேரங்களில் மோட்டாருக்கு மின்சாரமே போகாது. ஆனாலும் இயந்திரம் ஓடும்வரை உராயும் சத்தம் கேட்கும், அணைத்தால் நின்றுவிடும். அங்கே கோளாறு இயந்திர பாகங்களில் இருக்கலாம்: தளர்ந்த ஸ்பிரிங், தேய்ந்த பற்கள், அழுக்கும் துருவும் பிடித்த தண்டு. வெள்ளநீரில் நின்ற கார்களில் இதையும் கவனிக்க வேண்டும்.

தொடுமுனைகள் ஏன் ஒட்டுகின்றன?

பலமிழந்த பேட்டரி ஒரு முக்கியக் காரணம். மோட்டார் இழுக்கும்போது மின்னழுத்தம் சரிகிறது. சோலனாய்டு தொடுமுனைகளை இறுகப் பிடிக்க முடியாமல் 'டக்டக்' என்று விட்டுவிட்டுத் தொடுகிறது. ஒவ்வொரு தொடுதலிலும் பொறி பறந்து செம்பு உருகுகிறது. கடைசியில் பற்றவைத்ததுபோல் ஒட்டிவிடுகிறது.

ஆகவே புதிய ஸ்டார்ட்டரை மட்டும் மாட்டிக்கொண்டு பட்டறையிலிருந்து புறப்பட்டுவிடாதீர்கள். பேட்டரியையும் சோதிக்கச் சொல்லுங்கள். நிறைவாக மின்னேற்றிய பேட்டரி, ஓய்வில் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்ட வேண்டும். ஸ்டார்ட்டர் சுழலும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி பலவீனம் என்று கொள்ளலாம். நம் நாட்டு வெப்பம் பேட்டரியின் ஆயுளைக் குறைப்பதால் இந்தச் சோதனை அவசியம். அதுவரை 'டக்டக்' சத்தம் கேட்டால் சாவியைத் திரும்பத் திரும்பத் திருப்பாதீர்கள். தொடுமுனைகள் உருகுவது அப்போதுதான்.