இலவச வக்கீல் கிடைக்க எத்தனை நாள் காத்திருக்கணும்? சட்டம் சொல்லும் கணக்கு இதுதான்

திருமயத்தில் ஒரு பெண்ணுக்குச் சொத்துத் தகராறில் கோர்ட் சம்மன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வக்கீல் வைக்கக் கையில் பணம் இல்லை. ‘இலவச வக்கீல் தருவாங்க, ஆனா முதல்ல தாலுகா ஆபீஸ்ல வருமானச் சான்றிதழ் வாங்கிட்டு வா’ என்கிறார் தெரிந்தவர் ஒருவர். அலைச்சல் அங்கேயே ஆரம்பிக்கிறது.

உண்மையில் அந்தச் சான்றிதழே அவருக்குத் தேவையில்லை.

1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 12-வது பிரிவு. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் உள்ளிட்டோருக்கு அது வருமான வரம்பே வைக்கவில்லை. மாதம் லட்ச ரூபாய் வாங்கும் ஐடி ஊழியரானாலும், பெண் என்றால் தகுதி உண்டு. வருமானம் பார்ப்பதெல்லாம் மற்றவர்களுக்குத்தான். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் வரம்பு. அதற்கும் பிரமாணப் பத்திரம் போதும் என்கிறது 13-வது பிரிவு, அதை நம்பாமல் இருக்கக் காரணம் இருந்தால் தவிர.

போக வேண்டிய இடமும் தாலுகா ஆபீஸ் இல்லை, கோர்ட். தாலுகா அளவில் இதைக் கவனிப்பது வட்ட சட்டப் பணிகள் குழு. அங்குள்ள மூத்த நீதிபதிதான் அதன் தலைவர். மாவட்ட அளவில் என்றால் புதுக்கோட்டையில் உள்ள மாவட்ட ஆணைக்குழு. பஸ் ஏற முடியாதவர்கள் 15100 என்ற எண்ணில் பேசலாம்; தேசிய ஆணைக்குழுவின் இணையதளத்தில் மொபைலிலேயே மனு போடலாம்.

கெடு 7 நாள்

மனு கிடைத்ததும் உடனடியாக, அதிகபட்சம் 7 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்கின்றன 2010-ம் ஆண்டு விதிமுறைகள். அதனால் மனு கொடுத்த தேதிக்கு ஒப்புகை வாங்கிக்கொள்வது முக்கியம். அது இல்லாமல் 7 நாளை எங்கிருந்து எண்ணுவது? மறுத்துவிட்டால் ஆணைக்குழுவின் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

சிக்கல் என்னவென்றால், கோர்ட் கடிகாரம் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். சிவில் வழக்கில் சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் பதிலுரை தாக்கல் செய்ய வேண்டும். கோர்ட் அனுமதித்தால் 90 நாள் வரை. ஆஜராகாமல் விட்டால் ‘எக்ஸ்பார்ட்டி’ தீர்ப்பு வந்துவிடும். அதை ரத்து செய்யக் கேட்கவும் 30 நாள்தான். சட்ட உதவிக்கு மனு போட்டதால் இந்தக் கெடு தானாக நிற்காது. வக்கீல் வராவிட்டாலும் சம்மனில் உள்ள தேதியில் நேரில் போய், மனு நிலுவையில் இருப்பதைச் சொல்லி வாய்தா கேட்க வேண்டும். வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் ஆபத்து.

கேட்கவில்லை என்றால்?

கிரிமினல் வழக்கில் கதை வேறு. அருணாச்சலப் பிரதேசத்தில் சுக் தாஸ் என்பவர் வக்கீல் இல்லாமலேயே விசாரிக்கப்பட்டு 2 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். ‘அவர் சட்ட உதவி கேட்கவே இல்லையே’ என்றது கௌஹாத்தி உயர் நீதிமன்றம். 1986-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல் தண்டனையை ரத்து செய்தது. உரிமை இருப்பதே தெரியாதவர் எப்படிக் கேட்பார்? எடுத்துச் சொல்ல வேண்டியது மாஜிஸ்திரேட்டின் கடமை.

வக்கீலை நியமித்த பிறகு அவர் ஃபீஸ் கேட்டாலோ, வாய்தாவுக்கு வராமல் இழுத்தடித்தாலோ, நியமித்த குழுவிடமே எழுத்தில் புகார் கொடுத்து வேறு வக்கீல் கேட்கலாம். கோர்ட் கட்டணம், டைப்பிங் செலவுகூட அவர்கள் பொறுப்புதான்.