திருச்செந்தூர் ரயில் பாதை: மழைக்கும் பாலக் கண்ணுக்கும் ஒரு கணக்கு

2023 டிசம்பர் 17 இரவு 8.25 மணிக்குத் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், பெருமழையால் ஸ்ரீவைகுண்டத்தோடு நின்றுவிட்டது. அதில் சுமார் 800 பேர் இருந்தார்கள். செய்துங்கநல்லூர்ப் பக்கம் மண்ணும் ஜல்லியும் அரித்துப்போய், தண்டவாளம் சிலீப்பர்களோடு அந்தரத்தில் தொங்கியது. மீட்டருக்கு அரை டன்னுக்கு மேல் எடை. பயணிகள் மீட்பு 19ஆம் தேதிதான் முடிந்தது. நெல்லை–திருச்செந்தூர் 61 கி.மீ. பாதையில் மறுபடி ரயில் ஓட 2024 ஜனவரி 6 ஆனது.

18ஆம் தேதி காலை வரை 24 மணி நேரத்தில் பெய்த மழை: காயல்பட்டினம் 95 செ.மீ., திருச்செந்தூர் 69, ஸ்ரீவைகுண்டம் 62. இந்த 62ஐ மட்டும் வைத்துக்கொள்வோம். சதுர கி.மீ.க்கு 62 கோடி லிட்டர். 250 சதுர கி.மீ.யில் இப்படிப் பெய்தால், 5,500 மில்லியன் கன அடி கொள்ளும் பாபநாசம் அணை ஒரே நாளில் நிரம்பும்.

நீரை ரயில் பாதை எப்படி எதிர்கொள்வது என்பது இடத்தைப் பொறுத்தது. லண்டன் சுரங்க ரயிலில், குண்டு விழுந்து தேம்ஸ் நீர் உள்ளே புகுந்துவிடாமலிருக்க, இரண்டாம் உலகப் போரையொட்டி இரும்புக் கதவுகள் பொருத்தினார்கள். அங்கே நீரை அடைக்க வேண்டும். நம் பாதை வயலுக்கும் குளத்துக்கும் நடுவே போட்ட மண்கரை. இங்கே நீருக்கு வழிவிட வேண்டும். அதற்கிருப்பவை பாலக் கண்கள், அதாவது பாதைக்கு அடியில் நீர் கடக்கும் திறப்புகள்தான்.

62 செ.மீ. மழை முழுதும் 24 மணி நேரத்தில் ஒரே சீராக வடிந்தாலே சதுர கி.மீ.க்கு நொடிக்கு 7.2 கன மீட்டர் வரும். 10 சதுர கி.மீ. நீர் ஓரிடத்தில் சேர்ந்தால் 72 கன மீட்டர். நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் அது கடக்க 36 சதுர மீட்டர் திறப்பு, அதாவது 3 மீட்டருக்கு 3 மீட்டர் கண்கள் 4 வேண்டும். மழை கால் பங்காக இருந்தால் ஒரு கண் போதும். குளம் உடைந்தால் இந்தக் கணக்கே செல்லாது. ஒரு நாள் நீர் சில மணி நேரத்தில் வந்துவிடும். அன்று தூத்துக்குடி மாவட்டத்தில் குளங்கள் உடைந்தன.

ரயில்வே பாலங்களைப் பொதுவாக 50 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்துக்கு வடிவமைக்கிறார்கள். அத்தகைய வெள்ளம் 100 ஆண்டில் ஒருமுறையாவது வர 87 சதவீத வாய்ப்புண்டு. இந்தப் பாதை 1923இல் திறந்தது. 2023 அதற்கு நூறாவது ஆண்டு.

அறுந்த இடத்தில் ஜல்லி கொட்டியதோடு நிறுத்தக்கூடாது. எந்தக் குளத்து மறுகால் எந்தக் கண்ணுக்கு வருகிறது, அதன் அகலம் எத்தனை மீட்டர் என்று ரயில்வேயும் நீர்வளத் துறையும் ஒரே பட்டியலாக எழுதி, ஊராட்சி அலுவலகங்களில் ஒட்ட வேண்டும்.